அழுத்தாமல் விட்ட பொத்தான்

போன வருடம் கணபதி கரைத்த மறு வாரம் இது நடந்தது. புனேயில் மழை விடவும் மாட்டேன், பெய்யவும் மாட்டேன் என்று நசநசத்துக்கொண்டிருந்த நாட்கள். நாங்கள் குடியிருப்பது கட்கியில். லோக்கல் ரயிலில் நாலு ஸ்டேஷன் தள்ளி, சிஞ்ச்வடில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் நான் டெக்னீஷியன். பதினாறு வருடமாக ரத்தம் எடுக்கிறேன், கண்ணாடித் துண்டில் தடவுகிறேன், மைக்ராஸ்கோப்பில் அணுக்களை எண்ணுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் என்ன, நிறையவே நீளம். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். திண்டுக்கல்லில் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடி இந்தப் பக்கம் வந்தவர். சாகணில், கார்களுக்கு பம்பர் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் பெயிண்ட் பிரிவில் வேலை. வீட்டில் என்ன கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். தலைவலியா? ஒண்ணுமில்ல. சாப்பாட்டில் உப்பு குறைச்சலா? ஒண்ணுமில்ல. கல்யாணமான புதிதில் இப்படி ஒரு சாது கிடைத்தாரே என்று ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மனிதர் எதை வேண்டுமானாலும் மூடி மறைத்துவிடுவார் என்று.

அந்த வருடம் ஜூன் முதலே அவருக்கு இருமல். வேலையிலிருந்து வந்ததும் ஆரம்பிக்கும். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கணீரென்று பாடுவார். திங்கள் வந்தால் மறுபடியும் இருமல். இதைப் பார்த்தே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. சாகண் ரோட்டுப் புழுதி என்று அவர் சொன்னார், நானும் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்டில் அவர் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. "டாக்டர்கிட்ட போலாம்" என்றேன். ஒண்ணுமில்ல. "ரத்தமாவது குடுங்க, நான் பாக்குறேன்" என்றேன். அடுத்த வாரம் என்றார். அந்த அடுத்த வாரம் மூன்று வாரமாக நீண்டது. கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, அவர் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் கையைப் பிடித்து இழுத்து சமையலறை நாற்காலியில் உட்கார வைத்து, நானே ரத்தம் எடுத்துக்கொண்டேன்.

நான் தேடியது என்ன என்று சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஐந்து வகை உண்டு. அதில் ஒன்றின் பெயர் ஈசினோஃபில். சாயம் ஏற்றிப் பார்த்தால் உள்ளே பொடிப்பொடியாக, கேசரி நிறத்தில் இருக்கும். பார்க்க அழகு, குணம்தான் பொல்லாதது. ஒத்துக்கொள்ளாத பொருள் மூச்சுக்குழாயில் பட்டதும், முதலில் அங்கேயே காவல் இருக்கும் அணுக்கள் கூச்சல் போடும். அதைக் கேட்டு ரத்தம் வழியாகப் பின்னாலேயே வரிந்து கட்டிக்கொண்டு வந்து இறங்குவது இந்த ஈசினோஃபில். வந்த பிறகு எதிரி யார், வீட்டு ஆள் யார் என்று பார்க்காது. நம்முடைய சொந்தச் சதையையே புண்ணாக்கி, குழாயை வீங்க வைத்துவிடும். அதனால் அலர்ஜி உள்ளவர்கள் பலருக்கு ரத்தத்தில் இது கூடுதலாகத் தெரியும். நல்ல உடம்பிலும் நூற்றுக்கு இரண்டு மூன்றாவது இருக்கும்.

லேபில் மெஷின் இருந்தாலும், சந்தேகம் என்றால் கையால்தான் எண்ணுவோம். அதற்கு ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறோம். அதில் வகைக்கு ஒன்றாகப் பொத்தான்கள். ஒரு கண் மைக்ராஸ்கோப்பில், ஒரு கை பொத்தானில். நூறு ஆனதும் டிங் என்று மணி அடிக்கும்.

இன்னொரு பழக்கமும் எங்களிடம் உண்டு. 'கர் கா சாம்பிள்', அதாவது வீட்டு சாம்பிள். லேபில் வேலை செய்பவர்களின் வீட்டு ஆட்களுக்கு ஃபார்ம் நிரப்ப மாட்டோம், நம்பர் போட மாட்டோம், டாக்டர் மேடத்தின் கையெழுத்தும் கேட்க மாட்டோம். ட்யூபில் 'கர்' என்று மட்டும் எழுதி, வேலை ஓய்ந்த நேரத்தில் நாங்களே பார்த்துக்கொள்வோம். நம்ம வீட்டு ஆள்தானே, ஃபார்ம் எதற்கு?

அன்று மத்தியானம் அவருடைய ஸ்லைடை வைத்து எண்ணினேன். டிங். ஈசினோஃபில் பொத்தானை நான் ஒரு தடவைகூட அழுத்தவில்லை. நம்பாமல் இன்னொரு நூறு எண்ணினேன். டிங். அப்போதும் ஒன்றுகூட இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! ஏசப்பா, அலர்ஜி துளிகூட இல்லை என்று அந்த இடத்திலேயே கண்ணை மூடி நன்றி சொன்னேன். உடனே அவருக்கு போன் போட்டேன். "பாத்தியா, ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல" என்றார். அன்றைக்கு அந்த வார்த்தை எனக்குத் தேனாக இனித்தது.

அத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கம்பெனியில் அவரை பெயிண்ட் படக் கூடாத இடங்களில் டேப் ஒட்டும் வேலையிலிருந்து மாற்றி, பம்பருக்கு மேலே பளபளப்பாக அடிக்கிற கோட்டுக்குப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் பெயிண்டைக் கெட்டியாக்க ஹார்ட்னர் என்று ஒன்று கலப்பார்கள், நெடி மூக்கைப் பிடுங்கும். இவர் தயங்கிக்கொண்டிருந்தார். நான்தான், "ரிப்போர்ட் க்ளீனா இருக்கு, தாராளமா போங்க" என்று அனுப்பி வைத்தேன். நானே, என் வாயால்.

அடுத்த வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். லேபில் ஒரு குழந்தை கையில் ஊசி போட நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தால் என் வீட்டுக்காரருடன் வேலை செய்யும் மராட்டிக்காரர், எப்போதும் என்னை 'பாபி', அதாவது அண்ணி, என்று கூப்பிடுபவர். இவர் பெயிண்ட் அடிக்கும் அறையிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறார், எழுந்திருக்க முடியவில்லை, மூச்சு இழுக்கிறார், பேச்சு வரவில்லை. பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்துவிட்டார்களாம். அவர் பேசும்போதே பின்னால் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளும் சத்தம் கேட்டது.

ஊசியை எங்கே வைத்தேன் என்றுகூட நினைவில்லை. எங்கள் டாக்டர் மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் கார் சாவியை எடுத்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிர்ந்து பேச மாட்டார். லேபை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, என்னை முன் சீட்டில் உட்கார வைத்து வண்டியை எடுத்தார்.

மோஷி வரை எப்படியோ வந்தோம். அங்கே நாசிக் ரோடு அடைத்துக்கொண்டு நின்றது. புதுக் கார்களை அடுக்கிய நீள நீளமான ட்ரெய்லர் லாரிகள், முன்னாலும் பின்னாலும். கண்ணாடியில் தூறல். வைப்பர் ஒரு தடவை அடிக்கும், அதே லாரியின் அதே பின்பக்கம் தெரியும். எனக்கு அதில் இருந்த ஒவ்வொரு காரின் பம்பரையும் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. இறங்கி ஓடிவிடலாமா என்று கதவில் கை வைத்தேன். மேடம் என் கையை எடுத்து மடியில் வைத்தார்.

அப்போது மறுபடி போன் வந்தது. ஆஸ்பத்திரி டாக்டரே பேசினார். சின்ன வயதுக் குரல், அவசரம். இதற்கு முன் ஆஸ்துமா இருந்திருக்கிறதா, ஏதாவது அலர்ஜி உண்டா என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "அதெல்லாம் கிடையவே கிடையாது டாக்டர். நான் லேப் டெக்னீஷியன். போன வாரத்துக்கு முந்தின வாரம் நானே கையால எண்ணினேன், ஈசினோஃபில் ஜீரோ" என்று இந்தியில் அடித்துச் சொன்னேன். அந்த நேரத்திலும் எனக்கு என் எண்ணிக்கைமேல் அவ்வளவு பெருமை.

அவர் படபடவென்று அடுக்கினார். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறோம், மூச்சுக்கு மருந்துப் புகையும் கொடுத்துப் பார்த்தோம், ஆனால் நெஞ்சில் விசில் சத்தமே இல்லை, எந்தச் சத்தமும் இல்லை, இதயமாக இருக்கலாம், நுரையீரலில் ரத்தக்கட்டியாகவும் இருக்கலாம், ஸ்கேன் எடுக்க புனேக்கு அனுப்பப்போகிறோம், ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

புனேக்கு என்றால் இதே ரோட்டில்தான். நான் எதிர்ப்பக்கம் பார்த்தேன். அங்கேயும் லாரிகள் அசையாமல் நின்றன. ஐயோ, இந்த நெரிசலில் அவரைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்திவிடுவார்களே என்று நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

மேடம் மட்டும் அமைதியாக என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் இந்தியும் மராட்டியும் கலந்து பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

"ஜீரோன்னா சொன்ன? ஒண்ணுகூடவா இல்ல?"

"ஒண்ணுகூட இல்ல மேடம். இருநூறு எண்ணினேன்."

"ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிடறாரா?"

"இல்ல மேடம். அவர் ஒரு மாத்திரையும் சாப்பிட மாட்டார்."

"கேட்டியா?"

பதினாறு வருடம். ஒரு நாளைக்கு நாற்பது பேர். ஒவ்வொருவரிடமும் ஃபார்மை வைத்துக்கொண்டு, பெயர் என்ன, வயது என்ன, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், இப்போது என்ன மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கிளிப்பிள்ளை மாதிரி கேட்பவள் நான். முகம் தெரியாத நாற்பது பேரிடம் கேட்பதை, என் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதரிடம் நான் கேட்கவில்லை. வீட்டு சாம்பிள் ஆயிற்றே, ஃபார்ம் ஏது?

மேடம் சொன்னார், "ரத்தம்ங்கறது வெறும் ரோடுதான். லாக்டவுன் போட்டப்ப இந்த ரோடு எப்படி இருந்துச்சு? காலி. அதுக்காக ஊர்ல ஜனமே இல்லன்னு அர்த்தமா? ஸ்டீராய்டு போட்டா ஈசினோஃபில் ரோட்டுல தலை காட்டாது. அதிகமா இருந்தா பயப்படறோம். சுத்தமா இல்லன்னாலும் ஏன்னு கேக்கணும். மாத்திரைய நிறுத்திட்டா எல்லாம் திரும்பி வந்துடும்."

நான் அந்த மராட்டி நண்பருக்கு போன் போட்டேன். கும்பிட்டுக் கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள், இவர் ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்டேன்.

"பாபி... கோலி லேத்தே தே" என்றார் அவர். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாராம். இரண்டு மாதமாக. மூச்சு முட்டினால் சட்டென்று சரியாகிவிடும் என்று யாரோ சொல்ல, மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கித் தினமும் விழுங்கியிருக்கிறார். நான் ரத்தம் எடுத்த அன்று காலையிலும் சாப்பிட்டிருக்கிறார். ஒரு வாரத்துக்கு முன்னால், ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை, என் வீட்டுக்காரியே பார்த்துச் சொல்லிவிட்டாள், இனி எதற்கு என்று அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டாராம். ஒரேயடியாக. என் பேச்சை நம்பி.

அந்த நண்பர் மாத்திரையின் பெயரைச் சொல்லச் சொல்ல நான் மேடத்திடம் திருப்பிச் சொன்னேன். மேடம் தலையை ஆட்டினார். "அந்த டாக்டரைக் கூப்பிடு."

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மூன்றாவது தடவை பிஸி. அந்த இரண்டு மூன்று நிமிடம் எனக்கு ஒரு யுகம். அவரை வண்டியில் ஏற்றியிருப்பார்கள், கதவைச் சாத்தியிருப்பார்கள், கிளம்பியே இருப்பார்கள் என்று என் மனசு என்னைப் போட்டு வதைத்தது. ஏசப்பா, ஏசப்பா என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை. கடைசியில் அந்த நண்பரையே கூப்பிட்டு, ஓடிப்போய் டாக்டர் காதில் போனை வையுங்கள் என்று கத்தினேன். பதினாறு வருடத்தில் என் கத்தல் உருப்படியாகப் பயன்பட்டது அப்போதுதான். அவர் ஓடும் காலடிச் சத்தம் போனில் கேட்டது.

மேடம் போனை வாங்கிப் பேசினார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. இரண்டு மாதம் ஸ்டீராய்டு மாத்திரை, ஒரு வாரமாகத் திடீரென்று நிறுத்தியிருக்கிறார், பெயிண்ட் ஹார்ட்னர் புகையில் வேலை, அந்த ஜீரோவை நம்பாதீர்கள், இது ஆஸ்துமாதான், மூச்சுக்குழாய் ரொம்பவே அடைத்துக்கொண்டாலும் விசில் வராது அல்லவா, வழியில் நெரிசல், இந்த நிலையில் ஏற்ற வேண்டாம், அங்கேயே ஸ்டீராய்டு ஊசி போடுங்கள். அந்தப் பக்கம் டாக்டர், "ஹோ மேடம், ஹோ மேடம்" என்று சொல்வது எனக்குக் கேட்டது. ஆமாம், ஆமாம் என்று. ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றிருந்ததாம். ஸ்ட்ரெச்சரை அப்படியே உள்ளே திருப்பினார்கள்.

நாங்கள் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளே ஓடினேன். முகத்தில் மாஸ்க், கையில் ட்ரிப்ஸ், உதடு சாம்பல் நிறம், சட்டையெல்லாம் வேர்வை. தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டார். கிட்டே போனால் அவர் நெஞ்சில் கீச்சுகீச்சென்று விசில். நான் மிரண்டு போய் டாக்டரைப் பார்த்தேன். அந்த இளம் டாக்டர் லேசாகச் சிரித்தார். "நல்ல சத்தம்தான் இது. காத்து உள்ள போக ஆரம்பிச்சிருக்கு" என்றார். ஆகஸ்டில் எந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்தேனோ, அதே சத்தத்தைக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே ஆனந்தமாக அழுதேன்.

மூன்றாம் நாள் அவரால் முழு வாக்கியமாகப் பேச முடிந்தது. நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நாள் அடக்கி வைத்த கேள்வியைக் கேட்டே விட்டேன்.

"ஏங்க, மாத்திரை சாப்பிடறேன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்னங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "சொன்னா நீ கத்துவ. பெயிண்ட் வேலைய விடுன்னுவ. சூப்பர்வைசர் வரைக்கும் போய் நிப்ப. அதான்."

எனக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது, மறைக்க மாட்டேன். பிறகு யோசித்தேன். மூச்சு நின்றுவிடுமோ என்ற பயத்தைவிட என் வாய்மேல் இருந்த பயம் அவருக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. அவர் மறைத்தது தப்புதான். ஆனால் சொல்வதற்கு ஓர் இடம் நான் வைத்திருக்கவில்லையே. கண்ணாடித் துண்டில் இருநூறு அணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவள், அந்த ரத்தத்தைக் கொடுத்தவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்போது அவர் அதே கம்பெனியில் பொருள் அனுப்பும் பிரிவில் இருக்கிறார். பெயிண்ட் அறைப் பக்கம் போவதே இல்லை. இன்ஹேலர் சட்டைப் பையிலேயே இருக்கும். மாடி ஏறும்போது நிற்பதில்லை. நம்பர் இல்லாத, கையெழுத்து இல்லாத ரிப்போர்ட்டை நம்பி வேலைக்கு அனுப்பியது நான்தான் என்று மேடத்திடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. அன்று முதல் எங்கள் லேபில் வீட்டு சாம்பிளுக்கும் ஃபார்ம் உண்டு என்று மட்டும் சொன்னார். முதல் ஃபார்மை நிரப்பியது நான். என் வீட்டுக்காரரை எதிரே உட்கார வைத்து, பெயர் என்ன, வயது என்ன என்று வரிசையாகக் கேட்டேன். என்ன மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்கள் என்ற இடம் வந்ததும் அவர் சிரித்துவிட்டு எந்த வேளைக்கு எது என்று எல்லாவற்றையும் சொன்னார். எழுதும்போது எனக்குக் கண் மறைத்தது.

இன்றும் நூறு எண்ணி மணி அடிக்கும்போது, அந்த ஒரு பொத்தானை நான் அழுத்தவே இல்லை என்றால் எனக்கு நிம்மதி வருவதில்லை. எழுந்து வெளியே போய், காத்திருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் குரலை உயர்த்தாமல் இன்னொரு தடவை கேட்கிறேன்.